மீன் கடைக்குப் பின்னால்

"தபால் பெட்டி தெரியுதா உங்களுக்கு? அதுக்கு எதிர்ல ஒரு சந்து. சந்துக்குள்ள வந்தா இடது பக்கம் நீலக் கதவு. அது இல்ல, அது மீட்டர் அறை. அதுக்கு அடுத்த நீலக் கதவு."

பை தைக்கும் பைக்காரர் தொலைபேசியில் இப்படி வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் இருப்பவர் பாதியில் வெட்டிக் கேட்பார்: "மீன் கடைக்குப் பின்னால இருக்கே, அதுதானே?"

"தபால் பெட்டின்னு சொன்னேனே," என்பார் பைக்காரர். ஃபோனை வைத்துவிடுவார். வரவேண்டியவர் கைப்பிடி அறுந்த பெட்டியை அணைத்துக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார். மீன் கடைக்குப் பின்னால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராக வந்திருப்பேனே என்று குறைப்படுவார். அந்த ஒரு வார்த்தை மட்டும் பைக்காரர் வாயில் வராது. இரண்டு வருஷமாக வரவில்லை.

அது சமைக்கிற மீன் விற்கும் கடை அல்ல. கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன் விற்கும் கடை. அதை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தவரே பைக்காரர்தான் என்பதுதான் சங்கதி.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பிய்ந்த பை, சக்கரம் கழன்ற பெட்டி, பல் விட்டுப்போன ஜிப் ஆகியவற்றைச் சரிசெய்வது தொழில். பேருந்து நிலையத்துப் படிக்கட்டின் கீழே ஒரு முக்காலியில் தொடங்கியவர். பேருந்துக்கு நேரமாகிவிட்ட பயணி தலைக்குமேல் நின்று தவிக்க, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நாலே நிமிஷத்தில் ஜிப்பை மாற்றிக் கொடுப்பார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். "இது கையா, மெஷினா?" என்று யாராவது சொல்வார்கள். இவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஆனால் அடுத்த தையலை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போடுவார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். இது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தைக் குத்தகைக்கு எடுத்தார். உரிமையாளர் மாடியில் குடியிருக்கும் அம்மாள். நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அம்மா. முப்பதடி நீள இடம் தனக்கெதற்கு, பின்பக்கம் பாதி போதும் என்று பைக்காரர் கேட்டபோது அந்த அம்மாள் தலையை ஆட்டவில்லை.

"பாதி கீதி எல்லாம் கிடையாது. எனக்கு ஒரு ஆள் போதும். ஒரு கையெழுத்து, ஒரு முகம். முன்பக்கம் வேணும்னா உள்வாடகைக்கு யாரையாவது வச்சுக்கோங்க. முன்கூட்டியே எழுதிக் கேளுங்க, சம்மதம் தரேன். ஆனா அவங்க ஒரு ஆணி அடிச்சாலும் நான் உங்களைத்தான் கேப்பேன்."

ஏழு வருஷம் முன்பக்கம் பெட்டிகள் அடுக்கிவைக்கும் இடமாகக் கிடந்தது. பிறகு முறைப்படி எழுதிக் கேட்டு, சம்மதக் கடிதம் வாங்கி, கண்ணாடியில் 'வாடகைக்கு இடம்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். மூன்றாம் நாள் முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முழங்கை வரை சட்டை நனைந்திருந்தது. வாடகை எவ்வளவு என்று அவள் முதலில் கேட்கவில்லை.

"தரை எவ்வளவு கனம் தாங்கும் அண்ணா?" என்று கேட்டாள்.

உள்வாடகை ஒப்பந்தத்தைப் பைக்காரர் தானே எழுதினார். வக்கீலுக்கு ஏன் தண்டம் அழவேண்டும்? தன்னுடைய குத்தகைப் பத்திரத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து வரிக்கு வரி பார்த்து எழுதினார். 'உரிமையாளர்' என்று வரும் இடத்தில் தன் பெயர். 'குத்தகைதாரர்' என்று வரும் இடத்தில் அவள் பெயர். எழுதி முடித்தபோது கட்டடமே தன்னுடையதாகிவிட்டதுபோல ஒரு மிதப்பு வந்தது.

"ஒரு தடவை படிச்சுப் பாத்தீங்களா?" என்றார் மனைவி.

"எழுதினதே நான். நானே படிக்கணுமா?"

"எழுதறப்ப கைதாங்க வேலை செய்யும்."

நடுவில் பிளைவுட் தடுப்பு போட்டார்கள். பின்பக்கக் கூரையில் கண்ணாடி ஓடு உண்டு, வெளிச்சம் நேராக மேசையில் விழும். "நல்ல இடத்தை நம்ம வச்சுக்கிட்டு தெருப்பக்கத்தை அவளுக்குத் தள்ளிவிட்டேன்," என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

அந்தப் பீற்றல் ஒரு மாதம்தான் தாங்கியது. தெருப்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகள் வரிசையாக ஏறின. உள்ளே விளக்கு, பாசி, மேலே ஏறும் குமிழிகள். போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் மற்றவர்களையும் நிறுத்தினார்கள். எதிர்க்கடை முடிவெட்டுபவர், ஆள் இல்லாத நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மீனைப் பார்த்தார். நாலு மாதத்துக்குள் அந்தக் கட்டடத்துக்கு மீன் கடை என்று பெயர் விழுந்துவிட்டது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறொன்று. ஜிப் மாற்ற வருகிறவர்கள் முன்பெல்லாம் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது பையை வைத்துவிட்டு, "நீங்க நிதானமா தைங்க. நான் முன்னாடி மீன் பாத்துட்டு வரேன்," என்று போய்விடுகிறார்கள். மீன் பார்க்க வந்து, பை தைக்கும் கடை பின்னால் இருப்பதை அறிந்து வந்தவர்களும் உண்டு. வேலை கூடித்தான் இருந்தது. அது அவர் கணக்கில் ஏறவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துத் தைத்தால் ஊசி வழி தவறியது.

மனைவியும் கட்சி மாறிவிட்டார். பதினோரு மணிக்குத் தேநீர் கொண்டுவருகிறவர் முன்பக்கம் முதலில் போய், அரைமணி கழித்துத்தான் பின்பக்கம் வந்தார்.

"ஆறிப்போச்சு," என்பார் பைக்காரர்.

"மூணாவது தொட்டியில ஒரு கறுப்பு மீன் வந்திருக்குங்க. அப்படியே உங்களை மாதிரி. யாராவது கிட்ட வந்தா மூஞ்சியைத் திருப்பிக்குது."

இவர் நூலைப் பல்லால் கடித்தார்.

டைப்பிஸ்ட் அம்மாவும் தினம் சாயங்காலம் இறங்கிவந்து தொட்டிகளுக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்தில் பைக்காரரின் மேசைக்கு எதிரே அவர் உட்கார்ந்ததில்லை. தடுப்பில் இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு விரல் அகல இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பைக்காரர் பார்ப்பார். அந்த இடைவெளிக்கு நேராகத் தன் முக்காலியை எப்போது நகர்த்திப் போட்டுக்கொண்டார் என்று அவருக்கே நினைவில்லை.

குத்தகை முடிய ஏழு வாரம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இரண்டு தடவையும் அந்த அம்மாளே வந்து, "என்ன, புதுப் பத்திரம் அடிச்சுடவா?" என்று கேட்டிருக்கிறார். இந்தத் தடவை கேட்கவில்லை. மாறாக, ஒருநாள் சாயங்காலம் அவரும் மீன்காரியும் ஒரு காகிதத்தை விரித்துவைத்துப் பேசிக்கொண்டிருப்பதை இடைவெளி வழியாகப் பார்த்தார். அந்த அம்மாள் கையைப் பின்பக்கம் நீட்டி ஏதோ காட்டினார். பைக்காரருக்குப் பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. ஒரு முகம்தானே வேண்டும் என்றார் அந்த அம்மாள். அந்த முகம் மாறப்போகிறது. குத்தகை அவள் பேருக்குப் போனால், தன்னைப் பின்பக்கம் வைத்துக்கொள்வதும் துரத்துவதும் அவள் இஷ்டம்.

அந்த வாரத்தில்தான் ஈரம் தென்பட்டது.

தடுப்பு பக்கச் சுவரில் முட்டும் மூலையில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. பைக்காரர் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய தொட்டிகள். விரலைத் துடைக்காமலே போய் ஒப்பந்தத்தை எடுத்தார். ஒன்பதாவது வரி: உள்வாடகைதாரரின் தொழிலால் இடத்துக்குச் சேதம் நேர்ந்தால், எழுத்தில் தெரிவித்த பதினைந்து நாளுக்குள் அவரே சரிசெய்யவேண்டும், தவறினால் இடத்தைக் காலி செய்யவேண்டும்.

ரொம்ப நாள் கழித்து அன்று அவர் சூடான தேநீர் குடித்ததுபோல் உணர்ந்தார்.

ஆனால் உள்ளங்கை அளவு ஈரத்தை ஒரு கொத்தனார் அரைநாளில் சரிசெய்துவிடுவார். பதினைந்து நாளிலும் அடங்காத சேதம் வேண்டும். ஆகவே காத்திருந்தார். தோலில் அளவு குறிக்கும் சாக்குக்கட்டியால் ஈரத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு, இன்னொரு தேதி. பிறகு பெரிய பெட்டி ஒன்றை இழுத்து முன்னால் மறைத்துவைத்தார். தினம் காலையில் கடை திறந்ததும் பெட்டியை நகர்த்திப் பார்ப்பதுதான் முதல் வேலை. செடி வைத்தவர் துளிர் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோடுகள் வட்டத்துக்குள் வட்டமாக வளர்ந்தன. சுண்ணாம்பு கொப்புளித்து உதிர்ந்தது.

"ஈர வாடை அடிக்குதேங்க," என்றார் மனைவி.

"மீன் வாடை," என்றார் பைக்காரர்.

குத்தகையைப் புதுப்பிக்க ஒரு மாதம் முன்னால் எழுதிக் கேட்கவேண்டும் என்று அவருடைய பத்திரத்தில் இருந்தது. அந்த நாளும் வந்து போனது. முதலில் இவளை அனுப்புவோம், பிறகு இடத்தில் மிச்சம் இருப்பது ஒரு முகம்தானே என்று நினைத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் காலையில் நோட்டீஸை எழுதி எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். மீன்காரி வலையைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள்.

"எந்தத் தொட்டியிலயும் தண்ணி குறையலையே அண்ணா. தினம் காலையில அளந்து எழுதறேன்."

"நீ அளந்து என்ன பண்றது? சுவர் சொல்லுதே."

"அப்ப சுவரையே கேட்டுருவோம். இருங்க, மாடியில அம்மாவைக் கூப்பிடறேன்."

"அவங்க எதுக்கு இதுல?"

"சுவர் அவங்களோடதுதானே அண்ணா. என் தொழிலால ஆன சேதமான்னுதானே ஒன்பதாவது வரி கேக்குது."

அவள் ஒப்பந்தத்தைப் படித்துவைத்திருந்தாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது.

டைப்பிஸ்ட் அம்மா குழாய்க்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழாய்க்காரர் பெட்டியை ஒரு தள்ளு தள்ளி, டார்ச்சை அடித்தார். சுவரில் கோடுகளும் தேதிகளும் பளிச்சென்று தெரிந்தன. சாக்குக்கட்டியை அழிக்கவேண்டும் என்று பைக்காரருக்கு ஒருநாளும் தோன்றியிருக்கவில்லை.

"காலண்டர் மாட்ட ஆணி கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் குழாய்க்காரர்.

அவர் வெளியே போய் மாடிக்கு ஏறும் குழாயின் வால்வை மூடிவிட்டு வந்து, சுவரில் காதை வைத்தார். "சத்தம் நின்னுருச்சு. தொட்டித் தண்ணி இல்லம்மா இது. உங்க வீட்டுக்கு ஏறுற குழாய். சுவருக்குள்ள கீறல் விட்டிருக்கு."

பைக்காரருக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. "அப்ப இதுல என் தப்பு ஒண்ணும் இல்ல," என்றார்.

"ரெண்டு பத்திரத்தையும் கொண்டாங்க," என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக்காரரின் முக்காலியிலேயே உட்கார்ந்து படித்தார். அவசரமே இல்லை. "குழாய் என்னோடது. அதை நான் மாத்தறேன். அதுல பேச்சே இல்ல. ஆனா இதைக் கேளுங்க. 'சேதம் எதுவானாலும் கண்ணில் பட்ட அன்றே குத்தகைதாரர் உரிமையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் விட்ட நாட்களில் பெருகும் சேதம் குத்தகைதாரரைச் சேரும்.' கண்ணில் பட்டது என்னைக்குன்னு நான் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. நல்ல கையெழுத்து."

பைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த அம்மாள் இரண்டாவது பத்திரத்தைப் புரட்டினார். புருவம் மேலே ஏறியது. "இது என்ன? கூரை, வெளிச்சுவர், சுவருக்குள்ள ஓடற குழாய் எல்லாத்தையும் நீங்க பாத்துக்கறேன்னு இந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க? என் பத்திரத்தைப் பாத்து எழுதினீங்களாக்கும். எனக்கு இருக்கற கடமையெல்லாம் உங்களுக்கு வந்திருச்சு. கட்டடம் மட்டும் வரல."

மனைவி வாசலில் தேநீர்ப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது பைக்காரர் காதில் நன்றாகவே விழுந்தது.

தடுப்புக்கு இரண்டு பக்கமும் சுவர்க் காரையைக் கொத்தி, காயவைத்து, பூசுவது பைக்காரர் பொறுப்பு என்றாயிற்று. அது முடியும்வரை மீன்காரியின் தொட்டிகளுக்கு வேறு இடம் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அதுவும் அவர் கையால் எழுதியதுதான்.

"இன்னொண்ணு," என்றார் டைப்பிஸ்ட் அம்மா, எழுந்து நின்று. "புதுப்பிக்க ஒரு மாசம் முன்னாடி எழுதிக் கேக்கணும். அதையும் நீங்க கேக்கல. எனக்கு ஒரு முகம் போதும்னு சொன்னேன். எந்த முகம்னு இந்த வாரம் யோசிச்சு சொல்றேன்."

வேறு இடத்துக்கு அவர் எங்கே போவார்? தொட்டிகள் அவருடைய அறைக்கே வந்தன. அவரே தூக்கினார். அவள் ஒரு முனை, இவர் ஒரு முனை. பெட்டிகளுக்கு நடுவிலும் மேசையின் கீழும் மீன்கள் நீந்தின. சட்டை முழங்கை வரை நனைந்தது.

நாலு நாள் அறை கொள்ளாத கூட்டம். நீலக் கதவுக்கு வழி கேட்டு ஒருவரும் தடுமாறவில்லை. எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நின்றார்கள், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பைக்காரர் தலை நிமிராமல் தைத்தார். மூன்றாம் நாள், மீன் வாங்க வந்த ஒருவர் திரும்பினவர் அப்படியே நின்று, அவர் ஜிப் மாற்றுவதைக் கடைசிவரை பார்த்தார். "கை என்ன வேகம் பாருங்க," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். பைக்காரர் அடுத்த தையலை வேகமாகப் போட்டு, பல வருஷத்துக்குப் பிறகு விரலில் குத்திக்கொண்டார். இரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அதற்குள் அந்த ஆள் கறுப்பு மீனிடம் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் தொட்டிகள் திரும்பிப் போயின. தரையில் அவை இருந்த இடங்களில் ஈரச் சதுரங்கள். துடைக்கத் துணியை எடுத்தவர், காயட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் டைப்பிஸ்ட் அம்மா டைப் அடித்த தாள்களோடு வந்தார். மீன்காரியையும் கூப்பிட்டார். பைக்காரரின் மனைவி ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்.

"மறைக்க மாட்டேன். முதல்ல இந்தப் பொண்ணைத்தான் கேட்டேன்," என்றார் அந்த அம்மாள்.

"நான் வேணாம்னுட்டேன் அண்ணா," என்றாள் மீன்காரி. "நாப்பது தொட்டிக்கு பதில் சொல்லவே எனக்கு நேரம் போதல. மேல அம்மாவுக்கும் பதில் சொல்லி, பின்னால உங்களுக்கும் பதில் சொல்றதுன்னா என்னால ஆகாது. ஒரு பெரிய தொட்டி வைக்கணும்னு படம் போட்டு அம்மாகிட்ட காட்டினேன். அதைக்கூட உங்களைக் கேக்கச் சொல்லிட்டாங்க. நீங்க என்னைப் பாத்தாலே முறைக்கறீங்க, எப்படிக் கேக்கறது?"

அந்தக் காகிதம் அதுதான். இடம் தப்பியது என்ற நிம்மதி பைக்காரருக்கு ஒரு மூச்சு நேரம்தான் நின்றது. மறு மூச்சில் பழைய எரிச்சலே வேறு பக்கமாக ஏறியது. பதினெட்டு நாள் எதைப் பறிகொடுப்போமோ என்று சுவரைக் காவல் காத்தாரோ, அதை இவள் கறிவேப்பிலையைப்போல ஓரமாக ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு வேண்டாததுதான் தன் கைக்கு வருகிறது.

தாள்களை வாங்கினார். இந்தத் தடவை மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் முழுக்கப் படித்தார். ஒப்புதலின்றிப் பெரிய தொட்டி வைக்கக்கூடாது, சேதம் கண்டால் அன்றே வாய்மொழியாகவும் சொல்லவேண்டும், எல்லாம் நியாயம்தான். முதல் பக்கத்துக்குத் திரும்பினபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 'வண்ணமீன் கடை என அறியப்படும் கட்டடத்தின் தரைத்தளம் முழுவதும்.'

"அம்மா, இங்க வந்து... பை பழுது பார்க்கும் கடைன்னு போட்டா..."

"அடையாளம்னா நாலு பேருக்குத் தெரியணும். தபால்காரரே அப்படித்தான் சொல்றார்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "வேணும்னா மாத்தலாம். ஆனா நான் திரும்ப உக்காந்து யோசிச்சு அடிச்சா, அந்த ஒரு வரி மட்டும்தான் மாறும்னு சொல்ல முடியாது."

பேனா தாளுக்கு மேலே நின்றது.

"மை வரலையா?" என்றார் மனைவி.

"வருது," என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் தொலைபேசி அடித்தது. பெட்டியின் சக்கரம் உடைந்துவிட்டது, பிற்பகல் ஊருக்குப் போகவேண்டும், கடை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார்.

"தபால் பெட்டி தெரியுதா," என்று தொடங்கினார் பைக்காரர். பிறகு நிறுத்தினார். புதுப் பூச்சு இன்னும் காயாத சுவர் எதிரே வெளுப்பாக நின்றது. "மீன் கடை தெரியுமா?" என்றார்.

"தெரியுமே."

"அதுக்குப் பின்னால."

பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார் அந்த மனிதர். பெட்டியை மேசைமேல் வைத்தார். எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தார். பைக்காரரும் நாற்காலியைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம்."

"அப்ப நான் முன்னாடி போய் மீன் பாத்துட்டு வரேன்."

பைக்காரர் உடைந்த சக்கரத்தைத் திருகிக் கழற்றினார். "மூணாவது தொட்டியில கறுப்பு மீன் ஒண்ணு இருக்கு," என்றார் குனிந்தபடியே. "ரொம்பக் கிட்ட போகாதீங்க. மூஞ்சியைத் திருப்பிக்கும்."